சாத்தக் கூடாத கதவு

முன்னொரு காலத்தில், நாட்டின் பெயர் வேண்டாம், ஒரு கொலு மண்டபத்தில் கூடியிருந்தவர்கள் இவர்கள்: பட்டமேறி ஓராண்டு ஆகாத அரசன் மாறவேள், அவன் காதருகே தலைமை அமைச்சர் பல்லவராயர், தூணில் சாய்ந்தபடி விகடன் வெண்காடன், வாசலுக்கு வெளியே வெயிலில், குறை சொல்ல வந்த ஜனங்கள்.

மாறவேளின் தந்தை வேறு மாதிரி ஆள். கூலியில்லா வேலையை ஒழித்தார். எல்லாக் குளத்திலும் எல்லாரும் தண்ணீர் எடுக்கலாம் என்றார். சந்தைச் சுங்கத்தைப் பாதியாக்கினார். அவர் கண்மூடியதும் பல்லவராயர் ஒவ்வொன்றாகப் பழையபடி மாற்றிவிட்டார். மிஞ்சியது இந்த மண்டபத்துக் கதவு ஒன்றுதான். ‘வெளியே ஒருவர் காத்திருக்கும்வரை இக்கதவைச் சாத்தலாகாது’ என்று வாசல் நிலையில் வெட்டி வைத்திருந்தார் கிழவர். மகன் அதைத் தொட்டுச் சத்தியம் செய்துதான் முடி சூடினான். அதனால் கதவு திறந்தே கிடந்தது. கேட்கத்தான் ஆளில்லை.

“புழுதி தாங்க முடியவில்லை,” என்றான் அரசன். “கதவைச் சாத்த வேண்டும். தந்தையின் சொல்லையும் மீறக் கூடாது.”

“விரட்டிப் பார்த்தோம், அரசே. தெருமுனையில் போய்க் காத்திருக்கிறார்கள். அதுவும் வெளியேதானே?” என்ற பல்லவராயர் வெண்காடன் பக்கம் திரும்பினார். “நம் விகடனுக்குத்தான் மூளை அதிகமாயிற்றே. அவன் சாத்தட்டும். மாலைக்குள் முடியாவிட்டால் நாட்டை விட்டுப் போகட்டும். தண்டச்சோறு எத்தனை நாளைக்கு?”

“அப்படியே ஆகட்டும்,” என்றான் அரசன்.

சாத்தாவிட்டால் வெண்காடனுக்கு நாடில்லை. சாத்தினால் வாசலில் நிற்பவர்களுக்கு ஒன்றுமே இல்லை. கிழவர் காலத்தில் அவனும் அங்கே நின்றவன்தான். மெல்லப் போய் நிலையில் இருந்ததைப் படித்தான். மறுபடியும் படித்தான். ‘வெளியே’ என்ற சொல்லின்மேல் விரலை வைத்து நின்றான்.

பிறகு, “எல்லாரும் உள்ள வாங்க,” என்றான்.

முன்னால் நின்ற ஆட்டுக்காரி வீராயி நகரவில்லை. “உள்ளயா? விளையாடாதீரு சாமி. கையில ஆடு வேற இருக்கு.”

“ஆட்டுக்கு என்ன குறை?”

“சுங்கக்காரன் இதைத்தானே பிடுங்கப் பாக்குறான்!”

“அப்ப அதுவும்தான் காத்திருக்குது. ஓட்டிக்கிட்டு வா.”

மண்டபம் நிறைந்தது. அரியணைப் படிவரை ஆட்கள். ஆடு பல்லவராயரின் பட்டு அங்கவஸ்திரத்தை மெல்லத் தொடங்கியது.

“வெண்காடா! இது என்ன கூத்து?” என்றான் அரசன்.

“கதவைச் சாத்தப் போகிறேன், அரசே. இப்போது வெளியே யாரும் காத்திருக்கவில்லை. தாங்கள் குறை தீர்த்து அனுப்பினால் ஒவ்வொருவராகப் போய்விடுவார்கள். வீட்டுக்குப் போகிறவர் காத்திருப்பவர் அல்லவே.”

அரசன் ஆட்டை உற்றுப் பார்த்தான். அதன் விலா எலும்புகள் எண்ணிவிடலாம் போல இருந்தன. “இதற்கா சுங்கம்?” என்று கேட்டான். “யார் போட்டது?”

அமைச்சரைத் தேடினால் ஆளைக் காணோம். மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு வெளியே நின்றார்.

“அங்கே என்ன செய்கிறீர்கள், அமைச்சரே?” என்று கூவினான் வெண்காடன்.

“இந்தக் கும்பல் ஒழியட்டும் என்று காத்திருக்கிறேன்!”

“கேட்டீர்களா, அரசே? வெளியே ஒருவர் காத்திருக்கிறார். சாத்த முடியாது.”

அரசன் வயிறு குலுங்கச் சிரித்தான். கழுத்து முத்துமாலையைக் கழற்றி வெண்காடனிடம் எறிந்தான். “உள்ளே வாரும், பல்லவராயரே. சுங்கம் போட்டவர் யாரென்று இந்த அம்மாளிடம் நீரே சொல்லும்.”

பல்லவராயர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் வெண்காடன் கதவைச் சாத்திப் பூட்டினான்.