மூலையில நின்ன மிளகாய்ச் செடி

ஒரு ஊர்ல வெயிலே எட்டிப் பாக்காத ஒரு வீடு இருந்துச்சாம். சுத்தியும் மாடி மாடியா கட்டிட்டாங்க. அந்த வீட்டுல மரகதம்னு ஒரு அம்மா. பிடிச்சா பிடிச்சதுதான். "வெயில் வரலன்னா என்ன, விளக்குல வளர்ப்பேன்!"னு ஒரு எல்.இ.டி. விளக்கைக் கட்டித் தொங்கவிட்டு, கீழ மிளகாய்ச் செடியா அடுக்கி வெச்சாங்க. ம் சொல்லு, பாப்பு.

ம்.

விளக்குக்கு நேர் கீழ நின்னதெல்லாம் கொழுகொழுன்னு. "ஏஏவ்வ்... போதும்ப்பா, வெளிச்சம் தொண்டை வரைக்கும் வந்துடுச்சு"ன்னு ஏப்பம் விடும். மூலையில மட்டும் ஒரு நோஞ்சான். அதுக்கு அரைகுறை வெளிச்சம்தான். விளக்குப் பக்கமே சாஞ்சு, கழுத்தை நீட்டி, "எனக்கும் கொஞ்சூண்டு... கொஞ்சூண்டு..."னு கீச்சுக் குரல்ல கெஞ்சும்.

அப்போ மரகதத்தோட வீட்டுக்காரர் வேதாசலம் வந்தார். "க்ர்ர்ஹ்ஹும்! அமாவாசை வரைக்கும் பாப்பேன். நிமிரலன்னா அந்த மூலைச் செடி குப்பை வாளிக்குத்தான்!"

"ஒண்ணையும் விடமாட்டேன், போங்க!"ன்னாங்க மரகதம்.

அப்புறம் யோசிச்சாங்க. வெளிச்சம் ஓரத்துல வழிஞ்சு வீணாப் போகுது. அதைத் தடுத்துத் திருப்பிவிட்டா? பளபளன்னு இருக்கறதுதான் நல்லாத் திருப்பும்னு நெனச்சு, பித்தளைத் தாம்பாளத்தைப் புளி போட்டு சரக் சரக்குன்னு தேச்சு, மூலைச் செடிக்குப் பின்னாடி நிறுத்துனாங்க. தாம்பாளம் குழிவா இருக்கா, வெளிச்சத்தையெல்லாம் திரட்டி ஒரே இலை மேல... சுர்ர்ர்! "ஐயய்யோ, என் காது!"ன்னு கத்துச்சு செடி. கருகின இலை பொத்துன்னு உதிர்ந்துடுச்சு.

அப்புறம் பீரோக் கண்ணாடியைக் கழட்டி வெச்சாங்க. ஒரு பட்டை வெளிச்சம், பக்கத்துலயே ஒரு பட்டை நிழல். செடி பாதி சிரிக்குது, பாதி அழுவுது.

"நான் எதைப் பாத்துடி தலை சீவறது?"ன்னார் வேதாசலம்.

"சீவறதுக்கு அங்க என்ன இருக்கு?"

பாப்பு? ம் எங்க?

ம்ம்.

அப்போ சோன்னு மழை. துணியெல்லாம் வீட்டுக்குள்ளயே காயுது. ஒரு நாள் காலையில மரகதம் பாத்தா, மூலைச் செடி விளக்கை விட்டுட்டு, கழுத்தைத் திருப்பி, கொடியில தொங்கற எட்டு முழ வெள்ளை வேட்டியையே பாத்துட்டு நிக்குது! கிட்டப் போய்ப் பாத்தாங்க. வேட்டியில பளபளப்பே இல்ல. ஆனா, வாங்கின வெளிச்சத்தை ஒரே இடத்துல கொட்டாம, மாவு சலிக்கிற மாதிரி எல்லாப் பக்கமும் தூவுது.

"அட, நீதானா!" சரட்டுன்னு வேட்டியை உருவி, செடிங்களைச் சுத்தித் திரை கட்டிட்டாங்க.

"ஏய்! கல்யாணத்துக்குக் கட்டிட்டுப் போற வேட்டிடீ அது!"

"பேண்ட் போட்டுக்கிட்டுப் போங்க!"

அப்புறம் அமாவாசையும் வந்துச்சு. டங்கு டங்குன்னு வாளியோட வந்தார் வேதாசலம். வேட்டியை விலக்கினார். இந்த மூலையைப் பாத்தார், அந்த மூலையைப் பாத்தார், நடுவைப் பாத்தார். எல்லாம் ஒரே உயரம், ஒரே பச்சை. எல்லாத்துலயும் மொட்டு.

"க்ர்ஹும்... எந்த மூலைடி அது?"

"நீங்களே கண்டுபிடிச்சு, தூக்கிட்டுப் போங்க!"

நின்னார், நின்னார். தலையைச் சொறிஞ்சார். அப்புறம் அந்தக் குப்பை வாளியை நல்லாக் கழுவி, நிறையத் தண்ணி புடிச்சுட்டு வந்து, எல்லாச் செடிக்கும் ஊத்தினார்.

மரகதம் விளக்கை டக்குன்னு அணைச்சாங்க. செடியெல்லாம் தூங்கப் போயிடுச்சு. கதையையும் அணைச்சாச்சு பாப்பு, கண்ண மூடிக்கோ.