சண்டை போட்டு நூற்ற வேட்டி

ஊருக்கு ஒரு புத்திசாலி இருந்தால் போதும் என்பார்கள். கொத்தங்குளத்தில் இருந்த அந்த ஒருவரும் பிழைப்புத் தேடி வெளியூர் போய்விட்ட காலத்தில் நடந்தது இது.

அந்த ஊரில் பெத்தணன், கருத்தப்பாண்டி, வெயிலுகந்தான் என்று அண்ணன் தம்பிகள் மூன்று பேர். பெண் வாசனையே இல்லாத வீடு. மூத்தவர்கள் இருவருக்கும் பெண் கேட்டுப் போன இடங்களில் எல்லாம் மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கடைக்குட்டி வெயிலுகந்தானுக்கு மட்டும் அதிர்ஷ்டம் அடித்தது. பக்கத்து ஊர் மாடத்தி பருத்திக் காட்டில் அவனைப் பார்த்துச் சிரித்தாள். தலைப்பாகையை அவிழ்க்காமல் அதன் மேலேயே எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவனைப் பார்த்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? ஆனால் அவள் சிரித்துவிட்டு, அதை அவிழ்த்துவிட்டுத் தேய்க்கும்படி சொல்லிவிட்டும் போனாள். அவன் மேல் அவ்வளவு அக்கறையாக யாரும் பேசியதில்லை. அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

மூவரும் பெண் கேட்டுப் போனார்கள். மாடத்தியின் அம்மா இருளாயி பெண் கொடுக்கச் சம்மதித்தாள். கூடவே ஒரு வழக்கத்தையும் சொன்னாள். அவர்கள் குடும்பத்து மாப்பிள்ளை, தன் வீட்டார் கையால் நூற்ற நூலில் நெய்த வேட்டியைக் கட்டிக்கொண்டுதான் தாலி கட்ட வேண்டும். தை பிறந்ததும் முகூர்த்தம். வேட்டி இல்லையென்றால் பெண்ணும் இல்லை.

எப்படி நூற்க வேண்டும் என்பதையும் அவளே பொறுமையாகச் சொன்னாள். பருத்தியில் கொட்டையை நீக்க வேண்டும். பஞ்சை வில்லால் அடித்து, ஊதினால் பறக்கிற பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதைப் பட்டை பட்டையாக உருட்டி, மெல்ல இழுத்து, முறுக்கேற்ற வேண்டும். எல்லாம் சொல்லி ஒரு ராட்டையையும் பெத்தணன் கையில் கொடுத்தாள்.

ஊர் எல்லையைத் தாண்டும் முன்பே பெத்தணன் திரும்பிப் போய் ராட்டையைக் கொடுத்துவிட்டார். கையால் நூற்கச் சொன்னவள் ராட்டையைக் கொடுத்தது தங்களைச் சோதிப்பதற்காகத்தான் என்பது அவர் கண்டுபிடிப்பு. தம்பிகள் இருவரும் அண்ணனின் கூர்மையை வழி நெடுகப் பாராட்டினார்கள்.

கொட்டையை நீக்கினார்கள். பஞ்சை அடித்தார்கள். வீட்டு முற்றத்தில் பஞ்சு குன்றுபோல் நின்றது. பறக்கிற பதம் வந்துவிட்டதா என்பது பறந்து பார்த்தால்தானே தெரியும்? மூவரும் சுற்றி நின்று, மூச்சை நன்றாக இழுத்து, ஒரே நேரத்தில் ஊதினார்கள். பதம் வந்திருந்தது. ஊரே அதற்குச் சாட்சி, ஏனென்றால் அன்று பொழுது சாயும்வரை கொத்தங்குளத்துக் கோழிகள் எல்லாம் வெள்ளைக் கோழிகளாகத் திரிந்தன. அடுத்த பஞ்சை ஊதிப் பார்க்க வேண்டாம் என்று வெயிலுகந்தான் அண்ணன்மார் காலில் விழுந்தான்.

பெத்தணன் பஞ்சிலிருந்து ஒற்றை இழையை உருவி இழுத்துப் பார்த்தார். அது அறுந்தது.

“ஏலே, தொட்டாலே அறுந்துருதே. அறுந்துபோற சாமானை ஆயிரம் சேத்தாலும் அறாம இருக்குமா?”

கருத்தப்பாண்டி வெகுநேரம் யோசித்தான். “இருக்காதுண்ணே. நாம மூணு பேரும் சேந்துதான் யோசிக்கோம். என்னத்தக் கண்டோம்?”

“முறுக்குனா ஒண்ண ஒண்ணு புடிச்சுக்கிடும்னு அத்தை சொல்லுச்சு” என்றான் வெயிலுகந்தான். தை மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது.

சரி, முறுக்கிவிடுவது என்று முடிவாயிற்று. தெருவின் வடக்குக் கோடியில் பெத்தணன் ஒரு முனையைப் பிடித்தார். தெற்குக் கோடியில் கருத்தப்பாண்டி மறுமுனையைப் பிடித்தான். நடுவில் வெயிலுகந்தான் பஞ்சை இழுத்து இழுத்து இழையை ஒட்டவைத்தான். அப்போதுதான் எந்தப் பக்கம் முறுக்குவது என்ற கேள்வி எழுந்தது.

“ஒரே வயித்துல பிறந்தவங்க ஆளுக்கொரு பக்கம் திருப்பலாமா? ஊரு சிரிக்கும்” என்றார் பெத்தணன். “ரெண்டு பேரும் சூரியன் உதிக்கிற பக்கமாவே திருப்புவோம்.”

ஒற்றுமையாகத் திருப்பினார்கள். வடக்கு முனை கிழக்கே உருண்டது, தெற்கு முனையும் கிழக்கே உருண்டது. நடுவில் இழையும் அவர்களோடு சேர்ந்து உருண்டது. உருண்டதே தவிர ஒரு முறுக்கும் ஏறவில்லை. தூக்கிப் பார்த்தால் பஞ்சாகவே உதிர்ந்தது. மறுநாளும் அப்படியே. இன்னும் ஒற்றுமை போதவில்லை என்று இருவரும் ஒரே தாளத்துக்குப் பாடிக்கொண்டு திருப்பிப் பார்த்தார்கள். பாட்டு நன்றாக இருந்தது. நூல்தான் வரவில்லை. வெயிலுகந்தான் மாடத்தியை நினைத்து மாட்டுக் கொட்டகையில் போய் அழுதான்.

அவனைக் காப்பாற்றியது ஒரு வெங்காயம். மத்தியானம் கூழ் குடிக்கும்போது, இருந்ததில் பெரிய வெங்காயத்தைக் கருத்தப்பாண்டி எடுத்துக்கொண்டான் என்று பெத்தணன் சொன்னார். எடுத்தது அண்ணன்தான் என்று கருத்தப்பாண்டி சொன்னான். பேச்சு முற்றி, இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேலைக்குப் போனார்கள்.

“நீ கிழக்கேன்னா நான் மேக்கே” என்று கருத்தப்பாண்டி தன் முனையை வெடுக்கென்று எதிர்ப்பக்கம் திருப்பினான். அண்ணன் விடவில்லை. தம்பியும் விடவில்லை. கொஞ்ச நேரத்தில் வெயிலுகந்தான் கையில் இருந்தது விறைத்துக்கொண்டு நின்றது. இழுத்தான், அறவில்லை. பல்லால் கடித்து இழுத்தான், பல்தான் ஆடியது. அது நூல்.

நூலின் ரகசியம் அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. நூற்கிறவர்கள் சண்டை போட்டால்தான் நூலில் பலம் ஏறும். இதை இருளாயி சொல்லாமல் மறைத்தது ஏன் என்றுதான் அவனுக்கு விளங்கவில்லை.

ஆனால் ஒரு வெங்காயம் எத்தனை நாளைக்குத் தாங்கும்? பாசம் இருவரையும் விடவில்லை. கோபம் தணிந்தால் இரண்டு பேரும் பழையபடி கிழக்கே திருப்ப ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் காலையில் எழுந்ததும் வெயிலுகந்தானுக்கு ஒரு வேலை சேர்ந்துகொண்டது. வடக்குக் கோடிக்குப் போய், “பெரியண்ணே, சின்னண்ணன் உன்னப் பத்தி என்ன சொல்லுச்சு தெரியுமா?” என்பான். அப்புறம் தெற்குக் கோடிக்கு ஓடி அதையே அங்கேயும் சொல்வான். அவர்கள் பானையைப் பிரித்தார்கள், அடுப்பைப் பிரித்தார்கள், கடைசியில் முற்றத்து வேப்பமர நிழலையும் பிரித்தார்கள். நூல் அற்புதமாக வந்தது.

நெசவாளி அதை வாங்கிப் பார்த்து, நெய்வதற்கு முன் நூலுக்குக் கஞ்சி வைக்க வேண்டும் என்றார். வெறுங்கஞ்சி எப்படி இறங்கும் என்று மூவரும் கஞ்சியோடு ஊறுகாயும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவர் ஊறுகாயைத் தான் வைத்துக்கொண்டு வேட்டியை நெய்து கொடுத்தார்.

முகூர்த்த நாளும் வந்தது. வெயிலுகந்தான் புது வேட்டியில் மணையில் உட்கார்ந்தான். மாடத்தி பக்கத்தில் தலை குனிந்து இருந்தாள். கெட்டிமேளம் கொட்டப்போகிற நேரத்தில்தான், மாப்பிள்ளையின் அண்ணன்மார் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பதை இருளாயி கவனித்தாள். நல்ல காரியத்தில் இதென்ன என்று இருவர் கையையும் பிடித்துச் சேர்த்துவைத்தாள். அண்ணன் தம்பி இருவரும் கட்டிப்பிடித்து விம்மி விம்மி அழுதார்கள். பந்தலே கண் கலங்கியது.

வெயிலுகந்தான் மட்டும் இரண்டு கையாலும் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

மேளம் கொட்டியது. தாலி தட்டில் காத்திருந்தது. அவன் கையை எடுக்கவில்லை.

“தாலியக் கட்டுங்க மாப்ள” என்றாள் இருளாயி.

“எப்படி அத்தே? அவங்க சமாதானமாயிட்டாங்கள்ல. கைய எடுத்தா வேட்டி பஞ்சாப் பறந்துரும்.”

வெங்காயத்தில் தொடங்கி எல்லாவற்றையும் அவன் சொல்லி முடிப்பதற்குள் மேளக்காரருக்கு மூச்சு வாங்கியது. யாரோ ஒருவர் வேறு வேட்டி கொண்டுவந்தார். அத்தை வீட்டு வழக்கம் என்ன ஆவது என்று அவன் மறுத்துவிட்டான். மறுபடி சண்டை போடும்படி அண்ணன்மாரைக் கெஞ்சினார்கள். இப்போதுதான் சேர்ந்திருக்கிறோம், சாப்பிட்டுவிட்டு வேண்டுமானால் போடுகிறோம் என்றார்கள் இருவரும். முகூர்த்தம் நழுவிக்கொண்டிருந்தது. வெயிலுகந்தானுக்கு அழுகை முட்டியது. கண்ணைத் துடைக்கவும் கை இல்லை.

மாடத்தி தலை நிமிராமலே, எல்லோருக்கும் கேட்கும்படி ஒன்று கேட்டாள்.

“ஆமா, அந்தப் பெரிய வெங்காயத்தக் கடைசியில எடுத்தது யாரு?”

“இவன்தான்” என்றார் பெத்தணன்.

“அண்ணன்தான்” என்றான் கருத்தப்பாண்டி.

அடுத்த நொடி பந்தக்கால் ஆடியது. வெயிலுகந்தான் வேட்டியை விட்டான், தாலியை எடுத்தான், மூன்று முடிச்சையும் போட்டான். வேட்டி அசையவில்லை. அவன் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக என்றும் இருந்ததில்லை. அந்தச் சந்தோஷத்தில் முதன்முதலாகப் பெண்டாட்டியை நன்றாகப் பார்த்தான். சிவப்புச் சேலையில் அவள் அழகாக இருந்தாள்.

“சேலை நல்லாருக்கு. யாரு நூத்தது?”

“அம்மாவும் சின்னம்மாவும் சேந்து நூத்தாங்க.”

வெயிலுகந்தான் திரும்பிப் பார்த்தான். பந்தல் ஓரத்தில் ஒரே பாயில் இருளாயியும் அவள் தங்கையும் உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் வெற்றிலை மடித்துக் கொடுத்துக் கொஞ்சிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அவன் மாடத்தியின் சேலையை ஒரு தடவை பார்த்தான். மாலையோடு எழுந்து, விழுந்தடித்து ஓடி, இருவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டு, “அத்தே, சின்னத்தை உங்களப் பத்தி என்ன சொல்லுச்சு தெரியுமா?” என்று ஆரம்பித்தான்.