குச்சிக்குள் பச்சை

வீரபாகு வத்தலக்குண்டில் முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். ஓய்வு பெற்றும் தொழில்புத்தி போகவில்லை. வீட்டில் நாலே பேர் இருந்தாலும் ஒருதரம் தலையை எண்ணிப் பார்த்தால்தான் மனுஷனுக்குச் சோறு இறங்கும். அப்பேர்ப்பட்டவர், தன்னைவிட இருபது வயது இளைய சாமியார் ஒருவரைத் தேடிக் கொடைக்கானல் ஏறினார்.

காரணம் அவருடைய மகன். பத்திரிகை கொடுத்த பிறகு அவன் கல்யாணம் நின்றுபோனது. அன்றிலிருந்து திருப்பூரில் அறைக்குள்ளேயே அடைந்து கிடந்தான். யாரிடமும் பேச்சில்லை.

"அவனை எப்படி சாமி மீட்கிறது?"

சாமி வாசலோரம் நின்ற செடியைக் காட்டினார். ஹைட்ரேஞ்சியா. முழங்கால் உயரம்தான், ஆனால் கோடையில் பந்து பந்தாய் நீலமாகப் பூத்துத் தள்ளும். இப்போது மார்கழிக் குளிரில் இலையெல்லாம் கொட்டி வெறும் குச்சிகளாக நின்றது.

"பங்குனி வரைக்கும் இங்கேயே தங்கி இதைப் பார்த்துக்குங்க ஐயா. அப்புறம் பேசுவோம்."

வீரபாகு கீழே வெயிலில் வளர்ந்தவர். அவர் ஊரில் செடி இலையைக் கொட்டினால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். காலையில் இரண்டு குடம், சாயந்திரம் இரண்டு குடம் ஊற்றினார். அதோடு விட்டாரா? கட்டைவிரல் நகத்தால் ஒரு குச்சியைக் கீறினார். உள்ளே பச்சை தெரிந்தது.

"அப்பாடா, உயிர் இருக்கு!"

அந்த நிம்மதி மறுநாள் காலை வரைதான் தாங்கியது. மறுபடியும் கீறினார்.

மகனுக்கும் தினம் ஐந்து போன். "சாப்பிட்டியா? தூங்கினியா? ஏன்டா வாயைத் திறக்க மாட்டேங்கிற?" அந்தப் பக்கம் "ம்" என்று ஒரு சத்தம் வரும். கொஞ்ச நாளில் அதுவும் நின்றது. அறையில் கூட இருக்கும் பையன்தான் எடுத்து, "நல்லாத்தான் இருக்கான்ப்பா, பேச மாட்டேங்கிறான்" என்றான்.

தை மாதம் சாமி செடியருகே குந்தினார்.

"இங்கே எலி வருதா ஐயா?"

"இல்லையே சாமி."

"பட்டையெல்லாம் உரிஞ்சிருக்கே."

வீரபாகு தலையைச் சொறிந்தார். "நான்தான். உயிர் இருக்கான்னு பார்த்தேன்."

"இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்புறம்?"

"மறுநாளும் பார்த்தேன்."

சாமி குடத்தை எடுத்துக் கவிழ்த்து வைத்தார். ஒரு கூடை சருகை அள்ளி வந்து செடியின் அடியில் போட்டு மூடினார். சுற்றிலும் பட்டை உரிந்திருந்த ஒரு குச்சியைத் தொட்டார். அது ஒடிந்து கையோடு வந்தது. அதை வீரபாகுவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

வீரபாகு சாயந்திரம் வழக்கம்போல் போனை எடுத்தார். மடியில் அந்தக் குச்சி கிடந்தது. ரொம்ப நேரம் அதையே பார்த்திருந்துவிட்டுப் போனைச் சட்டைப்பையில் போட்டார்.

ஐயோ, அதற்குப் பிறகு அவர் பட்ட பாடு! விரல் துறுதுறுக்கும்போதெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி நடந்தார். கூட இருக்கும் பையனிடம் மட்டும் வாரம் ஒருதரம் விசாரித்துக்கொண்டார்.

பங்குனி பிறந்து நாலாம் நாள், பல் விளக்க வந்தவர் அப்படியே நின்றார். ஒவ்வொரு கணுவிலும் இரண்டிரண்டாய்த் துளிர். ஒடிந்த குச்சியின் அடியிலிருந்துகூட ஒன்று சருகை முட்டிக்கொண்டு வந்திருந்தது.

"சாமி, ஓடி வாங்க!"

சாமி வருவதற்குள் போன் அடித்தது. மகன்தான்.

"என்னப்பா, போனையே காணோம்? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

வீரபாகு போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். "நல்லா இருக்கேன்டா."

வேறெதுவும் கேட்கவில்லை அவர். அவனே பேசினான். நேற்றுப் பெய்த மழை, மறுபடி வேலைக்குப் போவது, ஹோட்டல் சாம்பாரில் இருக்கும் உப்பு என்று ஏதேதோ சொன்னான். போனை வைத்ததும் வீரபாகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் சாமியிடம் திரும்பினார்.

"நாளைக்கே திருப்பூர் போய் அவனைப் பார்த்துட்டு வரட்டுமா சாமி?"

சாமி அவருடைய கட்டைவிரலைப் பார்த்தார்.

"தாராளமாப் போங்க. நகத்தை வெட்டிட்டுப் போங்க."