மெழுகு வைத்த பலகை

"மாஸ்டர், ஒரு பலகைக்குள்ள பூச்சி உயிரோட இருக்கான்னு வெளியில இருந்து பார்த்து எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

ஒரே வாரத்தில் சதாசிவம் இந்தக் கேள்வியைக் கேட்பது இது மூன்றாவது தடவை. முதல் தடவை பேச்சுவாக்கில் கேட்பதுபோல் கேட்டார். இரண்டாம் தடவை யாரோ கேட்கச் சொன்னதுபோல் கேட்டார். இந்தத் தடவை அவரிடம் நடிப்பு எதுவும் மிச்சமில்லை. முகம் வெளுத்திருந்தது.

எஸ்தர் முதலில் டீயைக் குடித்து முடித்தார். அவர் எப்போதும் அப்படித்தான். ஒரு டீயை ஆறவிடும் அளவுக்கு அவசரமான கேள்வி உலகத்தில் கிடையாது என்பது அவர் கட்சி.

போத்தனூரில் ரயில் பாதையை ஒட்டிய தகரக் கொட்டகைதான் எஸ்தரின் பட்டறை. இடிக்கிற வீடுகளின் கதவு, உத்திரம், பரண் பலகை எல்லாம் அங்கே வந்து சேரும். ஆணி பிடுங்கி, அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது வீடுகளில் ஏதாவது ஓர் அறையின் ஒரு சுவரை மட்டும் அந்தப் பழைய பலகைகளால் மூடித் தருவார். மற்ற மூன்று சுவர்களுக்கும் வெறும் வெள்ளைதான். வீட்டுக்கு வருகிறவர்கள் நேரே போய் அந்த ஒரு சுவரைத்தான் தடவிப் பார்ப்பார்கள்.

எஸ்தருக்கு வயது நாற்பத்தொன்று. அவருடைய சீடர் சதாசிவத்துக்கு அறுபத்திரண்டு. ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். நடைப்பயிற்சியும் பேப்பர் படிப்பதும் மூன்றே மாதத்தில் சலித்துப்போக, மரவேலை கற்றுக்கொடுங்கள் என்று ஒருநாள் வந்து நின்றார். அவர் எஸ்தரை 'மாஸ்டர்' என்பார். எஸ்தர் அவரை 'சார்' என்பார். இருவருக்கும் அதில் ஒரு சங்கடமும் இல்லை.

பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. துளை விழுந்த பலகை எதுவானாலும் ஏழு நாள் கறுப்புத் துணி மேல் கிடக்க வேண்டும். உள்ளே பூச்சி இருந்தால் அது மரத்தைத் தின்று, துளை வழியாகத் தூளை வெளியே தள்ளும். மாவுபோல இருக்கும் அந்தத் தூள் கறுப்புத் துணியில் பளிச்சென்று தெரியும். மாவு கொட்டினால் பலகை அடுப்புக்குப் போகும். ஏழு நாளும் கொட்டாவிட்டால் மருந்துத் தொட்டிக்குப் போய், அதன்பிறகு சுவருக்குப் போகும். அதுவரை துளையை யாரும் அடைக்கக் கூடாது.

சதாசிவம் அடைத்திருந்தார்.

சுந்தராபுரத்தில் நந்தகோபால் என்பவரின் வீடு. சதாசிவம் தனியாக நின்று செய்த முதல் சுவர் அதுதான். நந்தகோபாலின் மனைவி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். ஐந்தாம் மாதத்தில் தாயையும் பிள்ளையையும் அழைத்து வர ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்திருந்தார்கள். அந்தக் குழந்தை தூங்கப்போகும் அறைக்குத்தான் சுவர்.

வேலை முடிகிற நாளில், கண் மட்டத்தில் வைக்கவென்று எடுத்து வைத்திருந்த பலகை திருகாணி ஏறும்போது பிளந்துவிட்டது. அன்று சாயங்காலம் நந்தகோபாலின் மாமனார் வீட்டார் அறையைப் பார்க்க வருவதாக இருந்தது. சதாசிவம் பட்டறைக்கு ஓடினார். எஸ்தர் ஊரில் இல்லை. ஏழு நாள் முடிந்து மருந்தும் ஏறிய பலகை எதுவும் மிச்சமில்லை. கறுப்புத் துணி மேல் இரண்டே நாள் கிடந்த ஒரு தேக்குப் பலகை கண்ணில் பட்டது. ஆறு துளைகள். இரண்டு நாளும் மாவு கொட்டவில்லை. ரேகை அவ்வளவு அழகு. மரத்தூளையும் மெழுகையும் குழைத்து ஆறு துளைகளையும் அடைத்து, தேய்த்து, கொண்டுபோய்ச் சுவரில் முடுக்கிவிட்டார். மறுநாள் எந்த இடத்தில் துளை இருந்தது என்று அவரே தேட வேண்டியிருந்தது. வேலை அவ்வளவு சுத்தம்.

அன்றோடு அவருடைய நிம்மதி போயிற்று.

உள்ளே பூச்சி இருந்தால் அது ஒரு பலகையோடு நிற்காது. பக்கத்துப் பலகைக்குப் போகும், கதவுக்குப் போகும், கட்டிலுக்குப் போகும். குழந்தை வந்துவிட்டால் அந்த அறையில் மருந்து அடிக்க முடியாது. பச்சைக் குழந்தைக்கு அந்த நெடி ஆகாது. எது செய்வதானாலும் வெள்ளிக்கிழமைக்குள் செய்தாக வேண்டும். எஸ்தரிடம் சொல்லலாம். சொன்னால் இனி தனியாக ஒரு ஸ்டூல்கூடச் செய்ய விடமாட்டார் என்று பயமாக இருந்தது.

தினமும் காலையில் ஏதாவது ஒரு சாக்கோடு சுந்தராபுரம் போய் நின்றார். ஒருநாள் அளவு டேப்பை மறந்துவிட்டேன் என்றார். ஒருநாள் வார்னிஷ் காய்ந்ததா பார்க்க வேண்டும் என்றார். இன்னொரு நாள் சாக்கு எதுவும் தோன்றாமல் "சும்மாதான்" என்று வழிந்தார்.

"அட, அதுக்கென்னங்க, வாங்க," என்று நந்தகோபால் டீ போடப் போவார். அவர் சமையலறைக்குள் நுழைந்ததும் சதாசிவம் முட்டி போட்டு, செல்போன் வெளிச்சத்தில் சுவர் ஓரத் தரையைத் தடவிப் பார்ப்பார். மாவு இருக்காது. மனசு கொஞ்சம் அடங்கும். பஸ் ஸ்டாப்புக்குப் போவதற்குள் மறுபடியும் படபடப்பு ஆரம்பித்துவிடும். மாவுதான் இல்லையே, பிறகு ஏன் என்று அவருக்கே விளங்கவில்லை.

ஒருநாள் போனபோது தொட்டில் வந்திருந்தது. அதைச் சரியாக அந்தப் பலகைக்கு நேர் கீழே போட்டிருந்தார்கள்.

"இத்தனை பலகையில இதுதான் சார் எனக்கு ரொம்பப் பிடிச்சது," என்று நந்தகோபால் அதன் மேல் கையை வைத்தார். "பாப்பா கண்ணு முழிச்சா முதல்ல இதைத்தான் பார்க்கணும்."

சதாசிவம் டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினார்.

அதற்கு மறுநாள், சனிக்கிழமை, அவர் மூன்றாம் தடவையாகக் கேட்டார். எஸ்தர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். மூலையில் கிடந்த ஒரு பழைய கதவிலிருந்து இரண்டு பலகைகளைக் கழற்றினார். இரண்டிலும் துளைகள் இருந்தன. ஒன்றை அப்படியே விட்டார். இன்னொன்றின் துளைகளில் மெழுகை வைத்து, ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அழுத்தி அடைத்தார். சதாசிவம் அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு பலகைகளும் கறுப்புத் துணி மேல் போயின.

"தினமும் பாருங்க சார். எதுல பூச்சி இருக்குன்னு செவ்வாய்க்கிழமை எனக்குச் சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு விடுமுறை. சதாசிவம் ஞாயிற்றுக்கிழமையும் வந்தார். துளை அடைக்காத பலகைக்குக் கீழே ஒரு சிட்டிகை மாவு கிடந்தது. ஊதிவிட்டார். திங்கள்கிழமை மறுபடியும் ஒரு சிட்டிகை. மெழுகு வைத்த பலகைக்குக் கீழே துணி துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

செவ்வாய்க்கிழமை எஸ்தர் கேட்டார். "எதுல இருக்கு?"

"இதுல இருக்கு. தினமும் கொட்டுது."

"அதுல?"

"அதுல இல்ல."

"எப்படிச் சொல்றீங்க?"

"மாவு கொட்டலியே மாஸ்டர்."

"கொட்டுறதுக்கு வழி எங்க இருக்கு?"

சதாசிவம் அடைத்த துளைகளைப் பார்த்தார். பத்து நாளாகப் பஸ் ஸ்டாப்பில் தன்னைப் பிடித்து ஆட்டியது எது என்று அப்போதுதான் தெரிந்தது. அப்படியே மரக்குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"ஆறு துளை மாஸ்டர்," என்றார். "சுந்தராபுரத்துல. தொட்டிலுக்கு நேர் மேல."

எல்லாவற்றையும் சொன்னார். எஸ்தரின் முகத்தில் கோபம் தெரிந்தது. அதை மறைக்கவும் இல்லை.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மாஸ்டர்?"

"மூணு தடவை கேட்டீங்களே சார்."

சதாசிவம் கையைப் பிசைந்தார். "இப்படிச் செய்யட்டுமா? நாளைக்குப் போய், அவரு டீ போடப் போற நேரத்துல மெழுகைச் சுரண்டி எடுத்துட்டு, ஊசியில கொஞ்சமா மருந்தை ஏத்திடறேன். நெடி ரெண்டு நாள்ல போயிடும்."

"செய்யலாம். அப்புறம்?"

"அப்புறம்... துளையை மறுபடி அடைச்சிடுவேன்."

"அப்புறம்?"

சதாசிவம் மெழுகு வைத்த பலகையைப் பார்த்தார். "அப்புறம் தினமும் போய்ப் பார்ப்பேன்," என்றார்.

எஸ்தர் திரும்பித் தன் வேலையைப் பார்க்கப் போனார்.

புதன்கிழமை காலை சதாசிவம் எந்தச் சாக்கும் இல்லாமல் சுந்தராபுரம் போனார். நந்தகோபால் வழக்கம்போல் சமையலறைப் பக்கம் திரும்பினார்.

"டீ வேண்டாம் தம்பி. இப்படி வாங்க, ஒண்ணு சொல்லணும்."

தொட்டிலைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார். ஆறு துளைகளும் எங்கெங்கே என்று விரல் வைத்துக் காட்டினார்.

நந்தகோபால் பலகையைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். பிறகு சொன்னது இவ்வளவுதான்:

"வேலையை முடிச்ச பின்னாலயும் தினமும் வந்து பார்க்கிற மனுஷனை நான் கண்டதே இல்லைன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கனுங்க."

அவர் திட்டியிருந்தால் தேவலை என்று சதாசிவத்துக்கு இருந்தது. திருகாணிகளைக் கழற்றும்போது நந்தகோபால் பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். பலகை வந்ததும் சுவரின் நடுவில் ஒரு வெள்ளைப் பட்டை தெரிந்தது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள வேற பலகை வச்சிருவீங்களா?"

"முடியாது தம்பி. மாத்துப் பலகையும் ஏழு நாள் கறுப்புத் துணியில கிடக்கணும். அப்புறம் மருந்து. அப்புறம் அது காயணும்."

"அதுவரைக்கும் இப்படியேவா?"

"இப்படியேதான்."

சதாசிவம் பஸ்ஸில் ஏறவில்லை. அந்த நீளப் பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு போத்தனூர் வரை நடந்தே வந்தார்.

வெள்ளிக்கிழமை குழந்தை வந்தது. ஆரத்தி எடுத்து உள்ளே அழைத்துப் போனதும் எல்லாரும் முதலில் கேட்டது அந்த வெள்ளைப் பட்டையைப் பற்றித்தான் என்று நந்தகோபால் போனில் சொன்னார். அதைக் கோபமாகச் சொன்னாரா, சாதாரணமாகச் சொன்னாரா என்று சதாசிவத்தால் கண்டுபிடிக்க முடியவில்லை. எப்போது பலகை வரும் என்று மட்டும் மறக்காமல் கேட்டார்.

மறுநாள் காலை எஸ்தர் பட்டறைக்கு வந்தபோது, சதாசிவம் அந்தத் தேக்குப் பலகையை மேஜை மேல் கிடத்தி, கிளாம்ப் போட்டு இறுக்கி வைத்திருந்தார். கையில் ரம்பம். பலகையின் குறுக்கே, ஆறு துளைகள் வழியாகவும் போகும்படி பென்சிலில் கோடு இழுத்திருந்தது.

"என்ன சார் பண்றீங்க?"

"அறுத்துப் பார்க்கப் போறேன் மாஸ்டர். உள்ள இருந்துச்சா இல்லையான்னு தெரிஞ்சிடும்."

"தெரிஞ்சு?"

"இருந்துச்சுன்னா, நல்லவேளை போய்ச் சொன்னோம்னு நிம்மதியா இருப்பேன்."

"இல்லைன்னா?"

சதாசிவம் ரம்பத்தின் பல்லைத் தடவினார். இரண்டு நாளாக அவரைத் தூங்கவிடாமல் செய்தது இதுதான்.

"இல்லைன்னா... ஒரு நல்ல சுவரைக் கலைச்சு, நந்தகோபால் மனசையும் கெடுத்து, குழந்தை வர்ற நாள்ல வீட்டை மூளியா நிக்க வச்சதெல்லாம் ஒண்ணுமில்லாததுக்குத்தானேன்னு ஆயிடும்."

எஸ்தர் மேஜைக்கு எதிர்ப்பக்கம் வந்து நின்றார்.

"அன்னிக்கு நந்தகோபால்கிட்ட என்ன சொன்னீங்க? பலகையில பூச்சி இருக்குன்னா?"

"இல்ல மாஸ்டர். பூச்சி இருக்கா இல்லையான்னு எனக்கே தெரியாதே. துளையை அடைச்சேன்னு சொன்னேன்."

"அதை நீங்க அடைச்சது, அறுத்துப் பார்க்காமலே தெரியுமே சார்."