ஆள்காட்டியின் பங்கு

கருவேலங்காட்டு ஓரத்தில் ஒரு குட்டை. அதன் கரைப் புதரில் செல்லாயி என்ற கௌதாரி, புருஷன் சடையனோடும் ஐந்து குஞ்சுகளோடும் குடியிருந்தாள். பக்கத்துப் புதரில் ஒரு காடைக் குடும்பம். கள்ளிச்செடி அடியில் முள்ளெலி. மண்மேட்டு வளையில் எலி. எல்லாம் தரையோடு தரையாகக் கிடந்து பிழைக்கிற சின்ன ஜீவன்கள்.

இவர்களுக்குக் காவல் ஒரு ஆள்காட்டிப் பறவை. நெட்டைக் கால்காரி, பெரிய வாய்க்காரி. கரைப் பாறைமேல் சதா நின்றுகொண்டிருப்பாள். தூரத்தில் நரியின் காது தெரிந்தால் போதும், ஊரையே கூட்டுகிற மாதிரி கத்துவாள். அவ்வளவுதான், எல்லாரும் புதருக்குள்ளும் பொந்துக்குள்ளும் ஓடிவிடுவார்கள். நரி வந்து மோப்பம் பிடித்துப் பார்த்துவிட்டு, வெறும் வயிற்றோடு திட்டிக்கொண்டே திரும்பும்.

நாள் முழுக்கக் காவல் நிற்கிறவள் இரை தேட எங்கே போவாள்? அதனால் காலையில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அவளுக்கென்று கொஞ்சம் கரையானோ புழுவோ எடுத்து வைத்துவிடுவார்கள். அவள் வீடு வீடாக வந்து கொத்திக்கொண்டு போவாள். யார் ஏற்படுத்திய வழக்கமோ தெரியாது, அது பாட்டுக்கு நடந்து வந்தது.

அந்த வருஷம் மழை மோசம் செய்துவிட்டது. குட்டை நாளுக்கு நாள் சுருங்கியது. மண் கட்டாந்தரையாக இறுகி, புழுவெல்லாம் ஆழத்துக்குப் போய்விட்டது. ஆள்காட்டிக்குப் பயம் வந்தது. எல்லாரையும் கூட்டிவைத்துக் கேட்டாள்.

"முன்னால இருக்கிறது பொல்லாத காலம். எப்படிச் சமாளிக்கப் போறீங்க?"

"வயித்தைச் சுருக்கிக்க வேண்டியதுதான்! இது மாதிரி எத்தனை கோடை பார்த்தவன் நான்!" என்றது முள்ளெலி.

"ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டாப் போச்சு!" என்றாள் காடை.

"வளைக்குள்ள கொஞ்சம் சேர்த்து வச்சிருக்கேன், எப்படியோ ஓட்டிடுவேன்!" என்றது எலி.

செல்லாயி மட்டும் ஒரு படி மேலே போனாள். "எதைக் குறைச்சாலும் உங்க பங்குல கை வைக்க மாட்டோம்க்கா! நீங்க கவலைப்படாதீங்க!" என்றாள். பொய்யாகச் சொல்லவில்லை, பாவம். அந்த நேரத்தில் மனசாரத்தான் சொன்னாள்.

சொல்லுகிறபோது எல்லாருக்கும் வயிறு நிறைந்திருந்ததே! பசி வந்து வீட்டுக்குள் உட்கார்ந்த பிறகல்லவா தெரிகிறது, யார் எதை விடுவார்கள் என்று!

சடையன் முதலில் தன் சாப்பாட்டைக் குறைத்தான். அப்புறம் செல்லாயி தன்னுடையதைக் குறைத்தாள். குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டு கத்தும்போது அதற்கு மேல் எதைக் குறைப்பது? கடைக்குட்டிக்கு எழுந்து நிற்கவே தெம்பில்லை.

ஒருநாள் காலையில் சடையன் வாசலில் வைத்திருந்த கரையானையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஏ செல்லாயி! இதைப் பிள்ளைங்களுக்குப் போட்டா என்ன?"

"ஐயையோ! அது அக்கா பங்கு!"

"அவ நமக்கு மட்டுமா கத்துறா? முள்ளெலி வீட்டுல வைக்கிறாங்க, காடை வீட்டுல வைக்கிறாங்க, எலி வீட்டுல வைக்கிறாங்க. நாம ஒரு வீடு விட்டா அவ தொண்டை அடைச்சிடுமா? அவ கத்தும்போது நம்ம காதுல மட்டும் விழாமப் போயிடுமா?"

செல்லாயிக்கு மனசு அடித்துக்கொண்டது. ஆனால் கடைக்குட்டி காலடியில் துவண்டு கிடந்தது. கரையானை அள்ளி அதன் வாயில் போட்டாள்.

ஆள்காட்டி வந்து நின்றாள். செல்லாயி தலையைக் குனிந்துகொண்டே, "இன்னைக்கு ஒண்ணும் அகப்படலைக்கா. நாளைக்கு வாங்களேன்" என்றாள்.

"சரி தாயி" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். மறுநாளும் வந்தாள். மறுநாளும் அதே பேச்சு. பிறகு சொல்ல வெட்கமாகக்கூட இல்லை, பழகிவிட்டது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துகிறவள்தான் ஆள்காட்டி. ஆனால் ஒரு வீட்டுக் குறையை இன்னொரு வீட்டில் போய்ச் சொல்கிற பழக்கம் அவளிடம் கிடையாது. அதனால் காடை வீட்டில் என்ன நடக்கிறது, முள்ளெலி வீட்டில் என்ன நடக்கிறது என்று செல்லாயிக்குத் தெரியவே இல்லை. அங்கெல்லாம் நன்றாகத்தான் தின்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். ஆள்காட்டியின் நெஞ்செலும்பு துருத்தியதைப் பார்த்தும், 'வயசாயிடுச்சு அக்காவுக்கு' என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஒரு காலையில் ஆள்காட்டி வாசலுக்கு வந்தாள். அன்றைக்கு அவள் வாசலைப் பார்க்கவே இல்லை.

"செல்லாயி, நான் கிழக்கே பெரிய ஏரிப் பக்கம் போயிட்டு வர்றேன். சேத்துல ஏதாவது கிடக்கும்னு சொல்றாங்க. பிள்ளைங்களைப் பத்திரமாப் பார்த்துக்கோ."

"சரிக்கா, போயிட்டு வாங்க!" என்றாள் செல்லாயி. அவளுக்குள் என்ன ஓடியது தெரியுமா? 'அப்பாடா, இன்னைக்கு இல்லைன்னு சொல்ற வேலை மிச்சம்!' அப்படித்தான் நினைத்தாள்.

பொழுது சாய்கிற நேரம். பக்கத்தில் கரையான் தீர்ந்துபோயிருந்ததால், சடையனும் செல்லாயியும் குஞ்சுகளோடு வெகுதூரம் வெட்டவெளியில் கிளறிக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் அமைதி. அந்த அமைதியை நம்பித்தானே அவர்கள் எப்போதும் மேய்வது! ஆள்காட்டி கத்தவில்லை என்றால் ஆபத்தில்லை என்று அர்த்தம். இன்றைக்கு அவள் பாறைமேல் இல்லை என்பது பசியில் செல்லாயிக்கு நினைவுக்கே வரவில்லை.

நரி பாறையைச் சுற்றிக்கொண்டு மெல்ல வந்தது. முதலில் பெரிய குஞ்சு போயிற்று. என்ன நடக்கிறது என்று செல்லாயி திரும்புவதற்குள் அடுத்ததும் போயிற்று.

"ஓடு! பிள்ளைங்களைக் கூட்டிட்டு ஓடு!" என்று சடையன் அலறினான். சிறகு ஒடிந்தவனைப் போலத் தரையில் இழுத்து இழுத்து நரிக்கு முன்னால் ஓடினான். பட்டினி கிடந்த உடம்பு, எவ்வளவு தூரம் ஓடும்? நரி அவனை ஒரே பாய்ச்சலில் கவ்வியது. அவனைப் போட்டுவிட்டு மறுபடியும் குஞ்சுகளிடம் வந்தது. செல்லாயி புதருக்குள் போய் விழுந்தபோது அவள் சிறகுக்கடியில் கடைக்குட்டி ஒன்றுதான் இருந்தது.

நரி போன பிறகு ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். காடை காலியாகக் கிடந்த தன் கூட்டைப் பார்த்துத் தரையில் புரண்டு அழுதாள். எலியின் பெண்டாட்டியைக் காணவில்லை.

"அக்கா ஏன் கத்தலை? அக்கா எங்கே போனாங்க?" என்று காடை கேட்டாள்.

"இரை தேடிப் போயிட்டாங்க" என்றாள் செல்லாயி. "நாங்கதான் கொஞ்ச நாளா வைக்கலை. நீங்கல்லாம் வச்சுட்டுத்தானே இருந்தீங்க?"

காடை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எலி தரையைப் பார்த்தது.

"நீங்க எல்லாரும் வைக்கிறீங்கன்னு நினைச்சுத்தான் நான் நிறுத்தினேன்" என்றது முள்ளெலி.

யாரும் யாரையும் திட்டவில்லை. திட்ட யாருக்கு யோக்கியதை இருந்தது? ஆளுக்கு ஆள் வீட்டுக்குப் போய், மிச்சம் மீதி இருந்ததையெல்லாம் கொண்டுவந்து பாறைமேல் கொட்டினார்கள். புழுவும் கரையானுமாக அது ஒரு சின்னக் குவியலாயிற்று.

ஆள்காட்டி தள்ளாடிக்கொண்டு வந்து இறங்கினாள். குவியலைப் பார்த்தாள். வெட்டவெளியில் கிடந்த இறகுகளைப் பார்த்தாள்.

"தின்னுங்கக்கா! இனிமே ஒரு நாளும் தவறாது!" என்று செல்லாயி கதறினாள்.

"நின்னு நின்னு பார்த்தேன், செல்லாயி. வயிறு கேட்கலை." ஆள்காட்டி குவியலில் அலகை வைக்கவில்லை. "யாருக்கு இனிமே கத்தச் சொல்றே?" என்றாள். பிறகு கிழக்கே பறந்துபோனாள், திரும்பி வரவே இல்லை.

கடைக்குட்டி தாயின் சிறகுக்குள்ளிருந்து தலையை நீட்டியது. "அம்மா, அந்தக் கரையானை நான் தின்னலாமா?" என்று கேட்டது. செல்லாயி அதை மறுபடியும் சிறகுக்குள் இழுத்துக்கொண்டாள். கருவேலங்காட்டுக்குள் நரி ஊளையிட்டது. பாறைமேல் காவல் இல்லை என்று இப்போது அதற்குத் தெரிந்துவிட்டது.

கஷ்டகாலத்தில் 'நான் ஒருத்தன் கொடுக்காவிட்டால் என்ன' என்று ஒவ்வொரு வீடும் நினைத்தால், எல்லா வீட்டையும் காத்து நின்றதுதான் முதலில் பட்டினி கிடந்து போகும்.