விரித்த துப்பாக்கி

"சாமி, முதுகு ஒடியுது" என்றார் கொம்பையா.

மலைமேல் தனியே இருக்கிற சுனைச்சாமி நிமிர்ந்து பார்த்தார். சுனையோரம் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அடிவாரத்து ஜனங்கள் சாமி சாமி என்றார்களே தவிர, அவருக்குக் கொம்பையாவின் மூத்த மகன் வயதுதான் இருக்கும். மீசைகூட இன்னும் சரியாக அடர்ந்திருக்கவில்லை.

"பையை இறக்கி வையும் அண்ணாச்சி. வலி தன்னால போயிரும்."

"பை கனமில்ல சாமி."

அதுவும் நிஜம்தான். முதுகுப்பையில் ஒரு வேட்டி, கொஞ்சம் அவல், ஒரு தண்ணீர் பாட்டில். வில்லங்கம் பைக்கு வெளியே இருந்தது.

வேட்டைத் துப்பாக்கி ஒன்றைப் பையோடு சேர்த்து வார் போட்டுக் கட்டியிருந்தார். குழல் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றது. கட்டை கீழே தொங்கி, நடக்கும்போதெல்லாம் காலில் இடித்தது. மலையேறும் வழியில் குழல் மாட்டாத கிளை கிடையாது. ஒவ்வொரு கிளைக்கும் குனிந்து கும்பிடு போட்டுக்கொண்டே வந்து சேர்ந்திருக்கிறார், பாவம்.

சாமி எழுந்து அவரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். கட்டையும் குழலும் சேருகிற இடத்தில் ஒரு கீல் இருந்தது.

"இது மடக்குத் துப்பாக்கியில்லா?"

"ஆமா சாமி."

"மடக்கினா பைக்குள்ள அடங்கிருமே?"

"அடங்கும்."

"பெறவென்ன?"

"மடக்கக் கூடாது சாமி."

ஏன் என்று சாமி கேட்டதுதான் தாமதம், கொம்பையா எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

அவர் ஊரில் பன்றி வேட்டைக்குப் போகிறவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒருவன் பேரைச் சொல்லித் துப்பாக்கியை விரித்துவிட்டால், அவனைச் சுடுகிற வரைக்கும் விரித்த கை அதை மடக்கக் கூடாது. மடக்கினவனோடு அப்புறம் யாரும் காட்டுக்குள் கால் வைக்க மாட்டார்கள். கல்யாணம், சாவு எதற்கும் கூப்பிட மாட்டார்கள்.

கொம்பையா அப்படி விரித்துவிட்டார். யார் பேரைச் சொல்லி? சொந்தத் தங்கச்சி புருஷன் சொரிமுத்து பேரைச் சொல்லி.

சொரிமுத்து புதரில் அசைந்ததைப் பன்றி என்று நினைத்துச் சுட்டான். செத்தது கொம்பையாவின் செவலை நாய். தன் தட்டில் சோறு போட்டு வளர்த்த நாய். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? பன்றிக்கறி பங்கு வைக்கிற இடத்தில், ஊரே நிற்கும்போது, துப்பாக்கியை விரித்து அவன் பேரைச் சொல்லிவிட்டார். தங்கச்சி பூலம்மாள் ஓடிவந்து குறுக்கே நின்றாள். அவள் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவரைப் போட்டு வாட்டியது.

சாமி மறுபடியும் கீரை முன்னால் உட்கார்ந்தார்.

"சொரிமுத்து இப்ப எங்க?"

"ஊர்லதான். வடக்கே, ஆத்தங்கரைத் தோட்டத்துல."

"நீரு?"

"நான் தெக்க பாத்து வந்தேன்."

"தோட்டா?"

"பைக்கு அடியில. வேட்டிக்குள்ள சுத்தி வச்சிருக்கேன்."

சாமி சிரிக்கவில்லை. ஒரு பழுத்த இலையை மட்டும் கிள்ளித் தூர எறிந்தார்.

கொம்பையா பொசுக்கென்று தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அவனைச் சுட எனக்கு மனசில்ல சாமி. கோவம் அன்னைக்கே ஆறிப்போச்சு. பூலம்மா என் விரலைப் பிடிச்சு நடை பழகினவ. அவ தாலியை நானே அறுப்பனா? ஆனா இதை மடக்கிட்டுப் போனா ஊரு காறித் துப்பும். போகவும் முடியல, வரவும் முடியல."

சாமி எழுந்து அவர் பின்னால் போனார். வாரை அவிழ்த்துத் துப்பாக்கியைக் கையில் எடுத்தார்.

கொம்பையா பதறிப்போனார். அடுத்தவன் துப்பாக்கியைத் தொடுகிற வழக்கமே அவர் ஊரில் இல்லை. அண்ணன் தம்பியானாலும் தொட மாட்டார்கள்.

"விரிச்ச கை மடக்கக் கூடாது. அப்படித்தான அண்ணாச்சி?"

"ஆமா சாமி."

சாமி தன் உள்ளங்கையை அவர் முகத்துக்கு நேரே காட்டினார். விரலெல்லாம் கீரைக்கறை.

"இது எந்தக் கை?"

கொம்பையா கையையும் துப்பாக்கியையும் மாறி மாறிப் பார்த்தார்.

சாமி துப்பாக்கியை மடக்கப் பார்த்தார். அசையவில்லை. முழங்காலில் வைத்து வளைத்தார். திருப்பிப் போட்டு இழுத்தார். கீலில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, கையை உதறிக்கொண்டார். விறகு முறிக்கத் தெரியாதவன் முருங்கைக் கட்டையோடு மல்லுக்கட்டுவதுபோல இருந்தது. முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

"எனக்குத் தெரியலையே அண்ணாச்சி" என்றார். துப்பாக்கியைத் திருப்பித் தரவில்லை. மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கொம்பையா அதையே பார்த்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். சாமியாலும் முடியவில்லை என்று ஊரில் சொல்லிக்கொள்ளலாம். பேரும் கெடாது, வீறாப்பும் குறையாது. அப்புறம்? மறுபடி அதைக் கட்டிக்கொண்டு இன்னும் தெற்கே போகவேண்டியதுதான். எவ்வளவு தூரத்துக்குத்தான் தெற்கு இருக்கும்?

பூலம்மாள் குறுக்கே நின்றது ஞாபகம் வந்தது. அப்பாடா என்று ஒரு பெருமூச்சு, அவரைக் கேட்காமலே வெளியே வந்தது.

"கீலுக்கு அடியில ஒரு பொத்தான் இருக்கு சாமி" என்றார். சொல்லும்போதே சிரிப்பு வந்தது. "அதை நல்லா அமுக்கும்."