ஒச்சப்பனின் ஈரல்

முப்பது வருஷம் லாரி ஓட்டிய ஒச்சப்பனிடம் கதைகளுக்குப் பஞ்சமில்லை. கொல்லிமலை வளைவில் ஒரு கரடி கைகாட்டி வண்டியை நிறுத்தியதாம், ஏறி வந்து சேந்தமங்கலத்தில் இறங்கிக்கொண்டதாம். தூக்கத்தை விரட்டக் கடைசிப் பதினாறு வருஷம் விழுங்கிய போதை மாத்திரைகளை வரிசையாக அடுக்கினால் காசிக்குப் போய்த் திரும்பலாம் என்பார். கரடி பொய். மாத்திரை அவ்வளவு பொய்யில்லை.

அறுபத்தொரு வயதில் சிறுமலை அடிவாரத்து மறுவாழ்வு மடத்துக்கு வந்து சேர்ந்தார். அவரைவிட இருபது வயது இளையவளான தவமணிதான் அங்கே குரு. முன்பு ஆஸ்பத்திரிச் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவள்.

எட்டாவது மாதம், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பியவர் நேரே பையைக் கட்டினார்.

“எங்கண்ணே கிளம்பிட்டீங்க?”

“ஈரல்ல பாதி வடுவாப் போச்சாம் தாயி. மிச்சத்தை வச்சு என்னத்தைக் கிழிக்க? பழையபடி மாத்திரையைப் போட்டுட்டு நிம்மதியாப் போய்ச் சேர்றேன்.”

தவமணி தடுக்கவில்லை. அவர் கையிலிருந்த ஆஸ்பத்திரி உறையை மட்டும் கேட்டு வாங்கினாள். உள்ளே ஒரு கண்ணாடித் துண்டு. ஊசியால் எடுத்த அவருடைய ஈரல் துணுக்கு அதில் ஒட்டியிருந்தது. மடத்துப் பழைய மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள்.

“பாருங்க.”

“எலி கடிச்ச கம்பளி மாதிரில்ல இருக்கு!”

“ஒவ்வொரு கட்டமும் ஒரு செல். மாத்திரை முழுங்கினா கிறுகிறுப்பு உங்களுக்கு, அதை உடைச்சு வெளியேத்துற வேலை இதுக்கு. உடைச்ச துண்டு சில சமயம் மாத்திரையைவிடப் பெரிய விஷம். அதை அணைக்கத் தன்கிட்ட இருக்குற மருந்தையெல்லாம் இது கொட்டும்.”

“அது தீர்ந்துபோனா?”

“உள்ளே சக்தி தர்ற அடுப்பே பத்திக்கும். செல் வெடிச்சுச் சாகும். அந்த இடத்துல நார் படரும். நீலமாத் தெரியுதே, அதுதான் வடு.”

ஒச்சப்பனின் சிரிப்பு நின்றது. “என் வண்டியில தண்ணி குறைஞ்சாக்கூட முள்ளு காட்டும் தாயி. இது ஒரு வார்த்தை சொல்லலையே?”

“வயிறு வாந்தி எடுத்துச்சு. வீட்டுல திட்டினாங்க. இது மட்டும் வாயைத் திறக்காம வேலை பார்த்துச்சு.”

கண்ணாடியைக் கொஞ்சம் நகர்த்தினாள். “இந்த ஓரத்தைப் பாருங்க.”

“ஒண்ணு நடுவுல ஒடுங்கி உடுக்கை மாதிரி நிக்குது. இதுவும் சாகுதா?”

“ரெண்டாப் பிரியுது. செத்ததோட இடத்துக்கு ஆள் வேணுமில்ல? ஊசி குத்தின அந்த நிமிஷம் இது செஞ்சுக்கிட்டிருந்த வேலை இதுதான்.”

ஒச்சப்பன் வெகுநேரம் நிமிரவில்லை.

“பதினாறு வருஷம் விஷமாக் கொட்டியிருக்கேன். இன்னுமா எனக்காக மாரடிக்குது?”

“நீங்க கைவிட்டுட்ட சேதி அதுக்கு வரலை அண்ணே.”

வண்டி எடுக்குமுன் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது டிரைவர்கள் வழக்கம். செருப்பைக் கழற்றிவிட்டு, அவர் மைக்ரோஸ்கோப்பைத் தொட்டு ஒற்றிக்கொண்டார். விரல் ஈரமானது.

“தாயி, நன்றின்னு சொன்னா இதுக்குக் கேக்குமா?”

“அதுக்குக் காது கிடையாது அண்ணே. நீங்க எதை முழுங்குறீங்களோ, அது மட்டும்தான் அங்கே போய்ச் சேரும்.”